மலாக்காவில் ஓர் இரவு தங்க விடுங்கள்: பேருந்துச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர் குழு, குடியிருப்பாளர் சங்கம் என்று ஏதாவது ஒரு பெயரில் வருடத்துக்கு ஒருமுறை பேருந்து பிடித்துக் கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் எங்களை மலாக்காவுக்கு அழைத்துப் போகிறீர்கள். பெயர் எழுதி, பணம் வசூலித்து, கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவர்களிடம் கெஞ்சி, விடியற்காலையில் ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து ஏற்றிவிடுவது லேசான வேலை இல்லை. குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடப் பயணத்தில் நானும் வந்தேன். மொத்தம் 44 பேர், தலைக்கு 130 வெள்ளி (ரிங்கிட்), சட்டை உட்பட. சிவப்புக் கட்டடத்துக்கு எதிரே ஒன்றாக நின்று படம் எடுத்தோம். பின்னால் தெரிந்த தேவாலயம் 1753இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்தது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்புறம் ஆ ஃபாமோசா கோட்டை வாசல், வாழையிலைச் சாப்பாடு, ஜோங்கர் தெருவில் ஒரு மணி நேரம், கையில் செண்டோல். பேருந்தில் பாட்டுப் போட்டி வேறு. எல்லாம் சரி.

திரும்பும் வழியில், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் காஜா பெராங்கில் வண்டி நின்றது. 'செட்டி கம்பம், பதினைந்து நிமிடம், கழிவறைக்குப் போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. 44 பேரும் இறங்கி மாரியம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினோம். பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் பொட்டு, கொண்டையில் பூ. நம் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பேரு தமிழ்ப் பேரு, கும்பிடுறது மாரியம்மனை, ஒரு வார்த்தை தமிழ் வராதா உங்களுக்கு?"

அவருக்குக் கேள்வி புரிந்ததோ இல்லையோ, கேட்ட தொனி புரிந்திருக்கும். "மாசோக், மினோம் டூலு" என்றார். உள்ளே வாங்க, முதலில் ஏதாவது குடியுங்கள். அதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். அந்த வீட்டில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கேட்டவர் கெட்டவர் இல்லை, நீங்களும் நானும் அந்த இடத்தில் அதையேதான் கேட்டிருப்போம். பதினைந்து நிமிடத்தில் வேறு என்ன கேட்க முடியும்?

அந்த அம்மா பெரனாக்கான். பெரனாக்கான் என்றால் நமக்குப் பாபா நோஞ்ஞா மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்த மலாய்ச் சொல்லின் நடுவே இருப்பது 'அனாக்', பிள்ளை. வெளியிலிருந்து வந்தவருக்கு இந்த மண்ணில் பிறந்த வம்சம் என்று பொருள். சீனாவின் ஃபுக்கியன் வியாபாரிகளின் வழி வந்தவர்கள் பாபாக்கள் என்றால், சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிவந்த வியாபாரிகளின் வழி வந்தவர்கள் மலாக்கா செட்டிகள். வட்டிக்கடை வைத்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். நகரத்தார் பிரிட்டிஷ் காலத்தில் வந்தவர்கள். செட்டிகள் மலாக்கா சுல்தான்கள் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறார்கள். 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்ததும் கிளிங் வியாபாரிகளின் தலைவரான நைனா சட்டு என்பவரைத்தான் தங்கள் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சர் மாதிரியான பதவியில், நியமித்தார்கள். ('கிளிங்' என்பது இன்று நம்மைச் சுடும் சொல். அன்று அது கலிங்கத்தை நினைவூட்டும் வெறும் ஊர்ப்பெயர்.)

அந்தக் காலத்துக் கப்பல்கள் காற்றை நம்பி ஓடியவை. ஒரு பருவக்காற்றில் வந்தவர் அடுத்தது திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் கப்பல் ஏறி வரவில்லை. தங்கியவர்கள் இங்கேயே மலாய்ப் பெண்களையும் ஜாவாப் பெண்களையும் மணந்தார்கள். பிள்ளைகள் அம்மா பேசியதைப் பேசினார்கள். நாம் தாய்மொழி தாய்மொழி என்கிறோமே, அவர்களுடைய தாயின் மொழி மலாய்தான். அதில் தமிழ்ச் சொற்களைக் கலந்து பேசுகிறார்கள். தந்தை கொண்டுவந்த சாமியை, சொந்தபந்தமாக வேறு ஆள் சேராத காலத்திலும், நூறு நூறு வருடமாக விடாமல் வைத்திருக்கிறார்கள். மொழியை விட்டவர்கள் என்று நாம் சொல்கிறோம். சாமியை விடாதவர்கள் என்றும் சொல்லலாம் அல்லவா?

இதெல்லாம் எனக்கும் முன்பு தெரியாது. அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த வருடம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனேன்.

செலவைச் சொல்கிறேன், ஏனென்றால் 'ராத்திரி தங்கினால் கட்டுப்படியாகாது' என்பதுதான் உங்களிடமிருந்து வரப்போகும் முதல் பதில். பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்குப் பேருந்து, போக வர 28 வெள்ளி. பழைய கடைவீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள், அதில் ஒரு படுக்கை 45. இரண்டு நாள் சாப்பாடு 50. அருங்காட்சியகம், உள்ளூர்ப் பேருந்து, கிராப் வாடகைக் கார் எல்லாம் சேர்த்து 35. ஆக 158 வெள்ளி. உங்கள் ஒருநாள் பயணத்தைவிட 28 வெள்ளிதான் அதிகம், சட்டை கிடைக்கவில்லை என்பது மட்டும் குறை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சனிக்கிழமை இரவு தங்காதீர்கள். சிங்கப்பூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்கும், அறை வாடகையும் ஏறிவிடும். நாங்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினோம். இரண்டு மணி நேரப் பயணம் நெரிசலில் மூன்றாயிற்று. ஆனாலும் ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடுவதால் ஒன்றையும் தவறவிடவில்லை. தவறவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பேன். கைப்பேசி உறையும் பொம்மையும் நம் ஊர்ப் பசார் மாலாமிலும் கிடைக்கின்றன. மூன்று சக்கர வண்டிகளில் பூனைப் பொம்மையும் விளக்கும் வைத்துக் காது கிழியப் பாட்டு. சின்னவளுக்குப் பிடித்திருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ரயிலில் போகலாமே என்று சின்னவள் கேட்டாள். மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது, தம்பினோடு நின்றுவிடும். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா வரைக்கும் தண்டவாளம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் அதைப் பிடுங்கிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். தண்டவாளத்தை மட்டுமா? தோட்டத்திலிருந்து நம் ஆட்களையும் சேர்த்துத்தான். பேருந்தில் பாட்டுப் போட்டிக்கு நடுவே இதையும் இரண்டு நிமிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜாலான் துக்காங் எமாஸில் நடந்தோம். தட்டார் தெரு என்று அர்த்தம். கடைகள் திறக்கவில்லை, வண்டி இல்லை. பொய்யாத விநாயகர் கோயிலில் மணிச் சத்தம். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781இல் செட்டிகள் எழுப்பிய கோயில் அது. நகரத்தார் கவனிப்பில் இருக்கும் இந்தக் கோயிலிலிருந்துதான் மாசி மகத்துக்குத் தேர் செங் சன்னாசிமலைக்குப் போகிறது. சில எட்டுகள் வைத்தால் கம்போங் கிளிங் மசூதி. 1748இல் நம் கரையோர முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. குவிமாடத்துக்குப் பதில் மூன்று அடுக்குக் கூரை, மினாராவைப் பார்த்தால் சீனக் கோபுரம் மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில், ஊதுவத்திப் புகை. மூன்றையும் பார்க்கக் காசு கொடுக்கவில்லை. போன வருடம் நம் பேருந்து இந்தத் தெருவுக்குள் வரவே இல்லை. வரவும் முடியாது, அவ்வளவு குறுகல். நடந்தால்தான் உண்டு.

பத்து மணிக்கு மேல் துன் டான் செங் லாக் சாலை. வாசல் ஒடுங்கி இருக்கும், உள்ளே போனால் வீடு முடியவே முடியாது. வாசல் அகலத்தைப் பார்த்து டச்சுக்காரர்கள் வரி போட்டதால்தான் இப்படி என்று சொல்வார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், நம் பழைய வீட்டு முற்றம்போலவே. 8ஆம் எண் வீட்டில் கட்டணம் வாங்கவில்லை. ஆடம்பரம் எதுவும் பூசாமல், பழைய கடைவீடு எப்படிக் கட்டப்பட்டது என்று மட்டும் தெரிகிற மாதிரி சீரமைத்திருக்கிறார்கள். பாபா நோஞ்ஞா அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனால் கூட வந்து விளக்கிச் சொல்கிறார்கள். காசு போட வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. மணி கோத்த காசூட் மானேக் செருப்பை அரைமணி நேரம் பார்த்தோம். சின்னவளின் கணக்குப்படி ஒரு ஜோடியில் எத்தனை ஆயிரம் மணிகள் என்பதை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

மதியம் ஆயாம் பொங்தே. கோழியும் உருளைக்கிழங்கும் தௌச்சு என்ற சோயா விழுதிலும் குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லத்திலும் வெந்தது. நம் வீட்டுக் காரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், இனிப்பும் உப்பும் மெதுவாக ஏறும். ஒரு தட்டை வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம்.

அப்புறம் காஜா பெராங். ஜோங்கரிலிருந்து நடந்தே போய்விடலாம், வெயில் தாங்காமல் கிராப் பிடித்தோம். செட்டி அருங்காட்சியகம் சின்னதுதான். ஆனால் அங்கே ஒருவரோடு பேச நேரம் இருந்தது, அதுதான் பெரிது. நான் மலாயில் ஆரம்பித்தேன், மாக்சிக் (அத்தை மாதிரி) என்று கூப்பிட்டேன். அவர் பார்ச்சு பற்றிச் சொன்னார். போகியன்று முன்னோருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைப்பார்கள். நாசி லெமாக், சம்பால், பலகாரம், பானம் எல்லாம். நாம் போகியன்று பழையதைக் கொளுத்துகிறோம், அவர்கள் பழையவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். ஆண்டு நடுவில் பழக் காலம் வரும்போது பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சு. மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டத்தோ சாச்சார். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். நம் ஆத்தாளேதான், மலாய்ப் பட்டத்தோடு.

கிளம்பும்போது அவரே கேட்டார், உங்கள் வீட்டில் போகிக்கு என்ன படைப்பீர்கள் என்று. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். 44 பேரை ஒரே பேருந்தில் ஏற்றாமல் பதினைந்து இருபது பேராகப் போங்கள். வெள்ளி இரவு தங்குங்கள். முதியவர்கள் இருக்கிறார்கள், மாடிப்படி ஏற முடியாது என்றால் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், சில விடுதிகளில் கிடைக்கிறது. காஜா பெராங்கைக் கழிவறை நிறுத்தமாக வைக்காதீர்கள். போவதற்கு முன் அந்தச் சமூகத்தாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சாப்பாடு செய்து தர முடியுமா என்று விலை பேசிக் கேளுங்கள், வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு அங்கே போகட்டும். அது குடியிருக்கிற இடம், திண்ணையில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் தெரியாதா என்று யாராவது வாயெடுத்தால், பக்கத்தில் இருப்பவர் தொடையைக் கிள்ளட்டும்.

அடுத்த பயணத்துக்குப் பட்டியல் எடுக்கும்போது என் பெயரையும் அக்கா மகள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தங்குவதாக இருந்தால் முன்பணம் இன்றே தருகிறேன். ஜனவரி போகிக்குள் போவதாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மாக்சிக்குக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
போன வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தவள்,
கிள்ளான்.