கையெழுத்துப் போடாத ஓர் அப்பாவின் மடல்

வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் வட்டாரத்தில் சனிக்கிழமை காலைகளில் மைதான ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஆட்ட இடைவேளையில் ஒரு தாள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆண்கள் கால்பந்து அணிகளில் வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று கேட்கும் மனு. எனக்கு முன்பே பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஓர் அணிக்குக் கணக்காக. தாளோடு பேனாவையும் நீட்டினார் நம் அண்ணன் ஒருவர். "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நழுவினேன் என்பதே சரி. நேரில் சொல்ல வாய் வராததை எழுதிச் சொல்கிறேன்: நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

மனுவில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும் அணிகளில் ஒன்று வெர்மாண்ட் பல்கலைக்கழகம். அந்த அணி கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டம் வென்ற இரவில் நம்மில் நான்கைந்து குடும்பங்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதை நினைவூட்ட விரும்புகிறேன். 2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை. வேக்மெட் சாக்கர் பார்க் நம் வீடுகளிலிருந்து பத்து நிமிடத் தொலைவு. மறுநாள் பள்ளி இருக்கும்போது பையனை இரவு ஆட்டத்துக்கு அழைத்துப்போவதா என்று வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனை தனி. குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனோம்.

எதிரே மார்ஷல் பல்கலைக்கழகம். இதே மைதானத்தில் 2021 மே மாதத்தில் இண்டியானாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று வென்று முதல் பட்டத்தை எடுத்துப்போன அணி. இண்டியானா எட்டுப் பட்டம் பார்த்த பெரிய வீடு. அதைச் சாய்த்தவர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள் என்றால் கூட்டம் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பச்சைச் சட்டைக்காரர்கள் அவ்வளவு தொலைவிலிருந்து அத்தனை பேர் வந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. வெர்மாண்ட் மாநிலம் முழுவதிலும் சேர்த்து ஆறரை லட்சம் பேர்தான். நம் வேக் கவுண்டியில் மட்டும் பதினொரு லட்சத்துக்கு மேல். பர்லிங்டன் நகரம், சாம்ப்ளெயின் ஏரிக்கரை, ஆண்டில் பாதி பனி. அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை வென்ற ஆறு தேசியப் பட்டங்களும் பனிச்சறுக்கில் வந்தவை என்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பனி விழும் ஊர் பனியில் ஜெயிக்கிறது. அந்த ஊர் புல்தரையில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

அந்த அணி வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2022-இல் காலிறுதிவரை வந்து சிரக்யூஸிடம் தோற்றது. அந்த ஆண்டு பட்டமும் சிரக்யூஸுக்கே போனது. அதன்பின் இரண்டு ஆண்டுகள். 2024 போட்டிக்கு வந்த 48 அணிகளில் முதல் பதினாறுக்குத் தரவரிசை கொடுத்தார்கள். வெர்மாண்டின் பெயர் அதில் இல்லை. தரவரிசையில்லாத அணி கடைசியாகப் பட்டம் வென்றது 2006-இல், கலிபோர்னியாவின் சான்டா பார்பரா. வெர்மாண்ட் பிட்ஸ்பர்க்கை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று, அரையிறுதியில் டென்வரைப் பெனால்டி உதைகளில் கடந்து கேரிக்கு வந்த வேலையை முடிக்க நின்றது.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். இரண்டாம் பாதியில் மார்ஷல் முதல் கோலைப் போட்டது. இங்கே கல்லூரி ஆட்டத்தில் கடிகாரம் முன்னோக்கி ஓடுவதில்லை, நாற்பத்தைந்திலிருந்து பின்னோக்கிக் கரைகிறது. எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்பதுபோல ஒரு பதைப்பு. 81-ஆவது நிமிடத்தில் மார்செல் பாப் சமன் செய்தார். கூடுதல் நேரம் ஐந்து நிமிடம்கூடத் தாண்டவில்லை. நீளமாக வந்த பந்துக்கு ஓடினார் மாக்ஸிமிலியன் கிஸ்ஸல், கோல்கீப்பரைத் தாண்டிச் சென்று வெறும் வலையில் தள்ளினார். 2-1. நம் வரிசையில் ஒருவர் கையிலிருந்த காப்பியை முன்னால் இருந்தவர்மேல் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கவும் மறந்து குதித்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்தும் இந்த மனுவில் இருக்கிறது. ஏழாவது பெயர்.

பாப் ஹங்கேரிக்காரர். கிஸ்ஸல் ஜெர்மனிக்காரர். அவர் நேரே பெரிய கல்லூரிக்கு வந்து இறங்கியவரும் அல்லர். பென்சில்வேனியாவில் ஸ்லிப்பரி ராக் என்ற, இரண்டாம் பிரிவில் ஆடும் கல்லூரியில் ஆடிவிட்டு வெர்மாண்டுக்கு மாறியவர். ஊர் பேர் தெரியாத கல்லூரியில் சேர்ந்து, மதிப்பெண் எடுத்து, அங்கிருந்து நல்ல இடத்துக்கு மாற்றல் வாங்கிப் போவது. இந்த வழி நமக்குப் புதிதா? நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தோம்?

என் கதையையே சொல்கிறேன். 2004-இல் இரண்டு பெட்டிகளோடு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்க வந்தேன். ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அதனால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் கையில் ஒரு தொகை. வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற மாணவர் விசா விதி இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அதே இடத்துக்கு அந்த மாநிலத்துப் பையன் ஒருவனும் விண்ணப்பித்திருந்தான் என்பது ஓராண்டு கழித்து அவன் வாயாலேயே தெரியவந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுடைய அப்பா அந்த ஊரில் வரி கட்டியவர். அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கக் கிளம்பியிருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்? உங்கள் மனுவின் இரண்டாம் பத்தியை வரி மாறாமல் எழுதியிருப்பார். "எங்கள் வரிப்பணம், எங்கள் பிள்ளைகளின் இடம்."

எழும்பூரில் முன்பதிவில்லாப் பெட்டியில் முண்டியடித்து ஏறுகிறவர், தாம்பரம் வந்ததும் கதவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு "இங்கே இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போங்கள்" என்பாரே, அவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலசமயம் அவராகவே இருந்தும் இருக்கிறோம். இந்த ஊருக்கும் அது பொருந்தும். கேரியின் ஆங்கில எழுத்துகளைப் பிரித்து, வடக்கிலிருந்து குடிவந்தவர்களை அடைத்துவைத்த இடம் என்று பழைய ஊர்க்காரர்கள் கிண்டலாக விரித்துச் சொல்வார்கள். நாம் வருவதற்கு முன்பே இங்கே வந்தேறிகள்மேல் முணுமுணுப்பு இருந்தது. இப்போது நாமும் அந்த முணுமுணுப்பில் சேர்ந்துகொள்ளும் அளவுக்குப் பழையவர்களாகிவிட்டோம் போலிருக்கிறது.

மனுவில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பதினெட்டு வயதுப் பையன் முதலாண்டில் சேரும்போது, ஐரோப்பியப் பயிற்சிக்கூடம் ஒன்றில் பத்தாண்டு ஆடிவிட்டு வரும் இருபத்திரண்டு வயதுக்காரரோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. அந்த வயதில் நான்கு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. 2018-இல் மாற்றலுக்கான இணையப் பதிவு வந்த பிறகு, பயிற்சியாளர்கள் பச்சைப் பிள்ளைகளை வளர்ப்பதைவிடப் பழுத்தவர்களை வாங்குவதையே விரும்புகிறார்கள். இதில் எனக்கும் வருத்தம் உண்டு.

ஆனால் அவர்கள் ஏன் கடல் கடந்து தேடுகிறார்கள்? எம்.எல்.எஸ். எனும் இந்நாட்டு முதல்நிலைத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் கிளப்புகள் நல்ல அமெரிக்கப் பையன்களைப் பள்ளி வயதிலேயே தங்கள் பயிற்சிக்கூடங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. 2022 முதல் அவர்களுக்கென்றே மூன்றாம் நிலைத் தொழில்முறைப் போட்டி ஒன்றும் நடக்கிறது. முன்பு கல்லூரிக்கு வந்திருக்கக்கூடிய பலர் இப்போது வருவதில்லை. அந்த இடத்தைக் கல்லூரிகள் எங்கிருந்தாவது நிரப்பத்தானே வேண்டும்? ஐரோப்பாவிலோ, பதினெட்டு, பத்தொன்பது வயதில் கிளப் கைவிட்ட ஆட்டக்காரர்கள் ஏராளம்; ஆடவும் வேண்டும், பட்டமும் வேண்டும் என்று இருப்பவர்கள். ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பார்க்கலாம் என்று 2021-இல் வந்த சலுகையைக்கூட மாணவர் விசாவில் இருக்கும் அவர்களால் பெரும்பாலும் அனுபவிக்க முடியாது. அதற்கான காரணத்தை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்காரர்களைச் சேர்த்தால் பட்டம் தானாக வரும் என்பதும் பொய். 2021 மே மாதத்தில் வென்ற மார்ஷலுக்கு அடுத்த நான்கு பருவங்களில் பட்டம் வரவில்லை. ஸ்டான்ஃபோர்டு 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றதே, அதில் முதலாண்டு இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்ட ஜோர்டன் மோரிஸ் சியாட்டில் பக்கத்துப் பிள்ளை. ஆனால் அவர்களை வெல்லவைத்த பயிற்சியாளர் ஜெரமி கன் இங்கிலாந்துக்காரர். மார்ஷலின் கிறிஸ் கிராஸியும் அப்படியே. உச்சவரம்பு என்று ஆரம்பித்தால் எங்கே கோடு போடுவீர்கள்?

வெர்மாண்டுக்கு உண்மையிலேயே வலித்த இழப்பு வேறு. பட்டம் வென்ற சூட்டோடு, 2025 ஜனவரியில், பயிற்சியாளர் ராப் டோவை பென் ஸ்டேட் அழைத்துக்கொண்டது. எட்டு ஆண்டு உருவாக்கிய அணியை விட்டு அவர் பெரிய வீட்டுக்குப் போனார்; கூடவே இருந்த ஏட்ரியன் டூபுவா பொறுப்பேற்றார். சிறிய கல்லூரி வளர்த்தால் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போகும். இதற்கு எதிராக மனு எழுத இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இனி, நாம் பேசத் தயங்கும் கணக்குக்கு வருகிறேன். முதல் பிரிவில் ஓர் ஆண்கள் கால்பந்து அணிக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் எவ்வளவு? 2025 வரை 9.9. பத்துகூட இல்லை. அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மட்டும் 85. கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, 2025 ஜூலை முதல் கதை மாறியிருக்கிறது: உடன்பாட்டில் சேரும் கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி, அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆனது. வரம்பு நீங்கியது என்பதால் பணம் வந்துவிடாது; அது ஒவ்வொரு கல்லூரியின் கஜானாவைப் பொறுத்தது. ஆனால் 28 என்ற எண் கறாரானது. சும்மாவாவது அணியில் இருக்கட்டும் என்று முன்பு சேர்த்துக்கொண்ட உள்ளூர்ப் பையன்களின் இடம்தான் அங்கே முதலில் போகிறது. ஒரு ஜெர்மானியரை விரட்டினால் உங்கள் மகனுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு முழு உதவித்தொகையின் ஒரு துண்டு. அதற்கும் இந்த மாநிலத்திலேயே ஆயிரக்கணக்கான பையன்கள் காத்திருக்கிறார்கள்.

அந்தத் துண்டுக்காக நாம் எவ்வளவு செலவழித்திருக்கிறோம்? நான் சென்ற ஆண்டுக் கணக்கைப் போட்டேன், மனைவிக்குத் தெரியாமல். கிளப் கட்டணம், சீருடை, வெளிமாநிலப் போட்டிகளுக்குப் பெட்ரோல், ஹோட்டல், தனிப் பயிற்சி. ஒன்பது வயதிலிருந்து கூட்டினால் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் உள்மாநிலக் கட்டணத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. கட்டணம் கட்டமுடியாமல் பாதியில் நின்ற பையன்கள் நம் பிள்ளைகளின் அணியிலேயே மூன்று பேர். அதில் ஒருவன், அந்த மெக்சிகோ வீட்டுப் பையன், என் மகனைவிட இருமடங்கு நன்றாக ஆடினான். அவன் இடத்தை எந்த வெளிநாட்டுக்காரரும் பிடுங்கவில்லை. நம் கிளப்பின் கட்டணப் பட்டியல் பிடுங்கியது. அவன் போன பிறகு காலியான இடத்தில் இறங்கியவன் என் மகன். அன்று நான் எந்த மனுவும் எழுதவில்லை. மகிழ்ந்தேன் என்பதே உண்மை.

மனு எழுதத்தான் வேண்டும் என்றால் கிளப் நிர்வாகத்துக்கு எழுதுவோம். கட்டணம் கட்டமுடியாத பையன்களுக்கு ஓர் அணிக்கு நான்கு இடம் ஒதுக்குங்கள், அதன் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்கிறோம் என்று. அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

என் மகனைப் பற்றி நீங்களே கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் அவனைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. நான்கு ஆண்டு ஆடலாம், படிக்கலாம், கட்டணம் நம்முடையது. அவனுக்கு அதில் முழுச் சம்மதம். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

தாள் என் காரிலேயே இருக்கிறது. சனிக்கிழமை எட்டு மணி ஆட்டத்தில் அண்ணனிடம் திருப்பித் தருகிறேன். வெள்ளைத் தாள்கள் சிலவும் பேனாவும் கொண்டுவருவேன். இந்த வாரம் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுவரும் முறையும் எங்கள் வீட்டுடையதுதான்.

அன்புடன்,
இரண்டாம் வரிசை, நீல நாற்காலி