லோகோ வாங்கினால் போதாது, மூலக் கோப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்களுக்கு லோகோ எவ்வளவு அவசியம் என்பது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் லோகோவை வரைந்து வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டதைப் போல அது நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக அச்சகம் நடத்திவரும் எனக்குத் தெரிந்தவரை, சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெயர்ப்பலகை செய்ய வருகிறவரிடம் லோகோவின் மூலக் கோப்பை, அதாவது டிசைனர் கணினியில் வரைந்த அசல் கோப்பைக் கேட்டால், பெரும்பாலும் கைப்பேசியை எடுத்து, வாட்ஸ்அப்பில் எப்போதோ வந்த படத்தைத்தான் அனுப்புகிறார். விசிட்டிங் கார்டில் ஒழுங்காகத் தெரிந்த அந்தப் படத்தைப் பத்தடிப் பலகைக்குப் பெரிதாக்கும்போது வளைகோடுகள் படிக்கட்டுகளாக உடைகின்றன. அது புள்ளிகளால் ஆன படம் என்பதால், இழுக்க இழுக்கப் புள்ளிதான் பெரிதாகுமே தவிரத் தெளிவு கூடாது. கோடுகளைப் புள்ளிகளாக அல்லாமல் கணிதச் சூத்திரங்களாகப் பதிந்து வைக்கும் வெக்டார் கோப்புக்கு இந்தக் குறை இல்லை. அதுவோ வரைந்தவரின் கணினியில் கிடக்கும். அவர் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார். வேறு வழியின்றி நாங்களே படத்தைப் பார்த்து மறுபடி வரைகிறோம், அடுத்த அச்சகத்தில் இன்னொருவர் வரைகிறார், கடைசியில் ஒரே நிறுவனத்துக்கு மூன்று பலகைகளில் மூன்று முகங்கள் வந்துவிடுகின்றன.

நிறத்திலும் இதே கதைதான். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை நம்பியிருக்கிறது. திரையில் பளிச்சிட்ட நீலம் தாளில் மங்கி, சற்றே ஊதா தட்டி வருவதைக் கண்டு எங்களிடம் கோபித்துக்கொண்டவர்கள் பலர். நான்கு மைகளின் விழுக்காட்டையும் முதலிலேயே முடிவுசெய்து எழுதி வைத்திருந்தால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

மெல்லிய எழுத்துருக்களின் மீதுள்ள மோகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ரப்பர் ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கியதும் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய், நிறுவனத்தின் பெயரே வேறாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னத்துக்குப் பெரிய கலைஞர்தான் வேண்டும் என்பதில்லை. 1886-இல் கொக்கோ கோலாவுக்குப் பெயர் சூட்டி, அதை வளைந்த கையெழுத்தில் அமைத்தவர் ஃபிராங்க் ராபின்சன் என்ற கணக்கர். அந்த எழுத்தைப் பெரிதும் மாற்றாமல் வைத்திருந்ததுதான் அந்நிறுவனத்தின் கெட்டிக்காரத்தனம் என்பது என் கருத்து.

ஆகவே வெக்டார் கோப்பு, மைகளின் விழுக்காட்டைச் சொல்லும் நிற எண்கள், எழுத்துருவின் பெயர், லோகோவைப் பயன்படுத்தும் உரிமையை எழுத்தில் தரும் கடிதம் ஆகியவற்றைப் பெற்ற பிறகே டிசைனருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும்படி அடுத்த கட்டுரையில் வணிகர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன். அவற்றின் பிரதியைத் தம் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வைத்துக்கொண்டால், கைப்பேசி தொலைந்தாலும் லோகோ தொலையாது.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்