செயலாளர் ஆண்டறிக்கை: கவனிப்பவர்களுக்கு ஒரு மதிய வாசிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வீட்டில் ஒரு ஆளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு இன்று இங்கே வந்திருக்கும் குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆனி தொடங்கி இந்த வைகாசி முடிய, நம் வாசகர் வட்டத்தின் வழக்கமான வேலைகள் குறையில்லாமல் நடந்தன. மாதக் கூட்டமும் புத்தகப் பரிமாற்றமும் பிள்ளைகளுக்கான கோடை வாசிப்பும் நடந்தன. பங்குனித் திருவிழா நாட்களில் மட்டும் கூட்டம் வைக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். என் அறிக்கையின் பெரும்பகுதியை இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஒரு வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன். மறதிநோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நாம் நடத்தும் வாசிப்பு அது.

டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்வதை நம் பக்கத்தில் இன்னும் 'வயசாச்சு, புத்தி தடுமாறுது' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது மூளையைப் பாதிக்கும் நோய். அல்சைமர் நோய்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்பது மதிப்பீடு. குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே மருந்துக்கு அப்பாற்பட்ட பாரமெல்லாம் வீட்டில் ஒருவர் தலையில் விழுகிறது. அநேகமாக அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். 'பாட்டி எப்படி இருக்காங்க?' என்று கேட்கிறவர்கள் உண்டு. 'நீ எப்படிம்மா இருக்கே?' என்று அவரைக் கேட்கிறவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் 2013 முதல் டாக்டர்களே புத்தகங்களைப் பரிந்துரைக்கிறார்கள், அவற்றைப் பொது நூலகத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். 2015-ல் மறதிநோய்க்கென்றே தனிப் பட்டியல் போட்டு, கவனிப்பவர்களுக்கான நூல்களையும் அதில் சேர்த்தார்கள். தலைவர் ஐயா இதைச் சொன்னபோது எனக்கு நம் ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. 1931-ல் இதே மன்னார்குடி வட்டாரத்தில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் ஒன்று. வாசலைத் தாண்ட முடியாதவரிடம் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று இந்த மண்ணில் முன்னமே நினைத்திருக்கிறார்கள். நாமும் செய்யலாம் என்று துணிந்தோம்.

தொடக்கத்தில் இரண்டு தவறு செய்தோம். இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு. முதல் அமர்வை மாலை ஐந்து மணிக்கு வைத்தேன். 6 குடும்பங்கள் பெயர் கொடுத்திருந்தும் 2 பேர்தான் வந்தார்கள். பொழுது சாயும்போதுதான் மறதிநோய் உள்ள பலருக்குப் பதற்றம் கூடும். அந்த நேரத்தில் வீட்டை விட்டு எப்படி வருவார்கள்? அப்புறம் மதியம் இரண்டு மணிக்கு மாற்றினோம். அதைவிட முக்கியமாக, அந்த ஒன்றரை மணி நேரம் நம் உறுப்பினர்களே வீடுகளுக்குப் போய்த் துணைக்கு உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் 4 பேரும் தபால்காரராக இருந்த ஒருவரும் இந்த வேலையை மனமுவந்து ஏற்றார்கள். மறுத்துப் பேசக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்த வீட்டாரிடமே கற்றுக்கொண்டார்கள். இவர்கள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கதையை எடுத்து வைத்தாலும் கேட்க ஆள் இருந்திருக்காது.

இரண்டாவது தவறு என் மனதில் இன்னும் உறுத்துகிறது. தாய் இறந்துபோகும் கதை ஒன்றை, முன்கூட்டிச் சொல்லாமல் படித்துவிட்டேன். ஒரு அம்மா பாதியில் எழுந்து போனார். இரண்டு மாதம் வரவில்லை. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வந்தார். இப்போது எந்தக் கதையையும் கவனிப்பவர் ஒருவர் முதலில் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் எடுக்கிறோம். கதை எதைப் பற்றியது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்.

வாசிப்பு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஒரு சிறுகதையை ஒருவர் நிதானமாக உரக்கப் படிப்பார். மற்றவர்கள் காபியோடு உட்கார்ந்து கேட்பார்கள். பேச வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. புத்திமதி சொல்வதும், கதையில் என்ன நீதி என்று கேட்பதும் கிடையாது. மேலமரத்தூர்ப் பக்கம் இருந்து வரும் விவசாயி ஒருவர் தன் தாயாரைப் பார்த்துக்கொள்கிறார். போன் எப்போது அடிக்குமோ என்று அதைக் கையிலேயே வைத்திருப்பார். நான்கு அமர்வுகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவதில், 'அந்த இடத்தை இன்னொரு தரம் படிங்க' என்றார். படித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அந்தக் கதையில் நோயே வரவில்லை. ஒரு மகன் வாய்க்கால் கரையில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் இடம் அது. தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வாய் வராத ஒருவருக்கு, கதையில் வரும் இன்னொரு வீடு இடம் கொடுக்கிறது. இதை நான் இந்த ஆண்டு கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு அம்மாவின் கணவர் தினமும் சாயங்காலம் 'வீட்டுக்குப் போகலாம் வா' என்பாராம். 'இதுதானே நம்ம வீடு' என்று சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை வறண்டுபோகும். புகுந்த வீட்டில் இருந்துகொண்டு பிறந்த ஊரை நினைத்து ஏங்கும் பெண்ணின் கதையைக் கேட்ட அன்று, 'அவர் கேக்கறது அவங்க அம்மா இருந்த வீட்டைத்தான் போலிருக்கு' என்றார். அன்றிலிருந்து மறுக்காமல், 'அந்த வீட்டுத் திண்ணை எப்படி இருக்கும்?' என்று கேட்கிறார். அவர் சொல்ல ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறாராம். எல்லா நாளும் இல்லை, சில நாள்.

நோயை விளக்கும் சிறு நூல்களையும் படித்தோம். இவற்றால் பயன் கிடைத்தது நான் எதிர்பாராத இடத்தில். 'என் சங்கிலியை எடுத்துட்டா' என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னதால் ஒரு மருமகள் தலைகுனிந்து நடந்தார். வைத்த இடம் மறந்து பிறர் மேல் பழி சொல்வது இந்த நோயில் சாதாரணமாக வருவதுதான் என்ற பகுதியை, அவர் தன் நாத்தனாரை உட்கார வைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டினார். நாத்தனார் இப்போது மாதத்தில் நான்கு நாள் வந்து தாயாரோடு தங்குகிறார். இந்த நூல்களைக் கவனிப்பவரைவிட உறவுக்காரர்கள்தான் படிக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

சம்பா நடவின்போதும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அமர்வு நடத்த முடியவில்லை. அப்போது கதைகளைக் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். இரவு எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டதாகச் சிலர் சொன்னார்கள்.

வாசிப்பு தூக்கத்துக்கு ஈடாகாது, மருத்துவத்துக்கும் ஈடாகாது. 'எனக்கு வாழவே பிடிக்கலை' என்று ஒருவர் சொன்னால் நாம் கதை தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்க உதவுகிறோம், டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். எண்ணை ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் ஒட்டியிருக்கிறோம்.

இப்போது 11 குடும்பங்கள் இருக்கின்றன. துணைக்கு உட்கார இன்னும் ஆட்கள் வேண்டும். வாரம் ஒரு மதியம் தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

கடைசியாக ஒரு தீர்மானம். தை மாதம் நம் குடும்பங்களில் ஒரு பாட்டி காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டு, 'அம்மா போயிட்டாங்க, இனிமே நான் வரலாமாக்கா?' என்று கேட்டார். வா என்று சொல்லிவிட்டேன். இப்போதும் வருகிறார், மற்ற வீடுகளுக்குத் துணைக்கும் போகிறார். பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்த பிறகும் கவனித்தவர்கள் விரும்பும் வரை அமர்வில் தொடரலாம் என்று விதியில் சேர்க்க, இப்பேரவையின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.