அந்தச் சிலந்திக்கும் ஒரு வாழ்க்கை கொடுங்கள்

கற்பனை உலக கேம்களில் அரக்கர்களை வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம். 2011-இல் வந்த ஸ்கைரிம் என்ற கேமை ஆடியவர்களுக்கு ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறை நினைவிருக்கும். அங்கே ஓர் அறை முழுக்க வலை. எதிர்வாசலில் ஒரு திருடன் வலையில் சிக்கிக் கத்திக்கொண்டிருப்பான். கூரையிலிருந்து ஆளைவிடப் பெரிய சிலந்தி ஒன்று இறங்கும். அதன் பெயரிலேயே ‘காயம்பட்ட’ என்ற சொல் இருக்கும். அந்த ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. நான் வருவதற்கு முன்பே இந்தச் சிலந்தி யாரிடமோ அடி வாங்கியிருக்கிறது. நான் இல்லாதபோதும் அதற்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். பல கேம்களில் ராட்சதத் தேள் வெறும் அறையில் என் வருகைக்காகவே காத்து நிற்கிறது. கொட்டுகிறது, திரை பச்சையாகிறது, நொடிக்கு நொடி உயிர் குறைகிறது, முறிமருந்தைக் குடித்ததும் சரியாகிவிடுகிறது. தேளை எடுத்துவிட்டு அங்கே ஒரு விஷக் காளானை வைத்தாலும் ஆட்டத்தில் எதுவும் மாறாது.

நஞ்சு அந்த உயிரின் பிழைப்பு. மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) ராட்சதச் சிலந்திக்கு ஒரு விதி உண்டு. அதன் நஞ்சால் ஒருவரின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கினால் அவர் சாகமாட்டார். ஒரு மணி நேரம் அசைய முடியாமல் கிடப்பார். நடுவில் மருத்துவம் செய்து புள்ளிகளை ஏற்றினாலும் கைகால் அசையாது. இதை எழுதியவருக்குச் சிலந்தியைத் தெரிந்திருக்கிறது. இரையை அசையாமல் ஆக்குவதுதான் அதற்கு முக்கியம், சாப்பாடு அப்புறம். அந்த ஒற்றை விதியால் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டுக் குகையில் ஓடவேண்டிய கதை தானாகவே பிறக்கிறது.

தேளிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பாராபுத்தஸ் வகைத் தேள் ஒன்று, முதலில் தெளிந்த நீர் போன்ற திரவத்தைச் செலுத்தும். வலி உயிர் போகும், ஆனால் அதைச் சுரக்க அதற்கு ஆகும் செலவு குறைவு. பால் போன்ற கெட்டி நஞ்சைப் பிறகுதான் எடுக்கும். நஞ்சைச் சுரப்பது உடலுக்குப் பெரிய செலவு என்பதால் இந்தச் சிக்கனம். கொடுக்கின் நுனியில் துளி எந்த நிறம் என்று பார்த்து நான் விலகுவதா நெருங்குவதா என்று முடிவெடுக்கும் சண்டையை இதுவரை நான் ஆடியதில்லை. ஆட ஆசை.

பூரானைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. பூரான் வாயால் கடிப்பதில்லை. அதன் முன்னங்கால் ஜோடிதான் நஞ்சுக் கொடுக்காக மாறியிருக்கிறது, காலாலேயே குத்துகிறது. கணுவுக்கு ஒரு ஜோடிக் கால்தான். இரண்டு ஜோடி வரைந்தால் அது மரவட்டை ஆகிவிடும். வெனிசுவேலாவின் குகை ஒன்றில், ஒரு அடி வரை வளரக்கூடிய பூரான்கள் கூரையில் தொங்கியபடி வௌவால்களைப் பிடித்துத் தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான வேட்டை இயற்கையிலேயே இருக்கும்போது, உங்கள் பூரான் ஏன் தரையில் நேராக ஓடிவந்து முட்டவேண்டும்?

நன்றாகச் செய்தவர்களையும் சொல்லவேண்டும். மான்ஸ்டர் ஹண்டர் 4-இல் (2013) வந்த நெர்சில்லா என்ற பெருஞ்சிலந்தி, தான் வேட்டையாடிய ஜிப்செரோஸ் என்ற இன்னொரு அரக்கனின் ரப்பர் போன்ற தோலை முதுகில் போர்த்திக்கொண்டு திரியும். அந்தத் தோல் இருக்கும்வரை மின்தாக்குதல் அதைப் பெரிதாகப் பாதிக்காது. தோலைக் கிழித்தால்தான் வழி கிடைக்கும். அது என்ன தின்கிறது என்று புரிந்துகொண்டவர் அதை எப்படி வெல்வது என்பதையும் புரிந்துகொள்கிறார்.

சிலந்தியைப் பார்த்தாலே உடல் நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக கிரவுண்டட் கேமில் கால்களையும் பற்களையும் படிப்படியாக மறைத்து, கடைசியில் வெறும் உருண்டையாக்கும் வசதி வைத்தார்கள். அதை எல்லோரும் வைக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. கணுக்காலிகள் வளரும்போது சட்டை உரிக்கும். வீட்டு மூலையில் அப்படி உரிந்து கிடந்த சிலந்தித் தோல் ஒன்றைச் சின்ன வயதில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், எட்டுக் காலும் முழுசாக இருந்தன. உரித்த கையோடு உடல் வெளிறி மெத்தென்று இருக்கும், கடிக்கக்கூடத் தெம்பிருக்காது. உங்கள் அடுத்த குகையில் என் உயரத்துக்குக் கால்கள் உள்ள ஒரு வெற்றுத் தோலைப் போட்டு வையுங்கள். இன்னும் ஈரம் காயாமல் இருக்கட்டும். அடுத்த அறையின் மூலையில் அந்தச் சிலந்தி ஒடுங்கி இருக்கட்டும். என்னைத் தாக்க வரவேண்டாம். வாளை உருவுவதா, சத்தமில்லாமல் கடந்து போவதா என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குகைகளில் பல இரவுகளைக் கழித்த ஒருவன்