மடிப்பாக்கம் வீட்டு இன்சூரன்ஸ் பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

கிரகப்பிரவேசப் படங்கள் கிடைத்தன. சொன்னபடியே வாசலில் திண்ணை வைத்துக் கட்டிவிட்டாய், பார்க்கவே மனசு நிறைந்துபோனது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். லோன் கொடுத்தபோது பேங்கில் ஒரு பாலிசி போட்டார்கள், அது போதாதா என்று கேட்டிருந்தாய். முதலில் அதை எடுத்து, கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் சாமானுக்கும் சேர்த்தா என்று பார். 2015 டிசம்பரில் நான் அடிபட்டது அங்கேதான். முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப்புடவைகள், என் மனைவியின் தையல் மெஷின் எல்லாம் போய்விட்டன. என் பாலிசியோ கட்டடத்துக்கு மட்டும். ஒரு ரூபாய் வரவில்லை. அந்தத் தையல் மெஷினை அவள் வெயிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீயும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாய், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

2021 ஏப்ரலில் இருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடம், சாமான் இரண்டுக்கும் சேர்த்து எடு. பட்டியல் எதுவும் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சாமானுக்குக் கிடைக்கும்.

எவ்வளவுக்கு எடுப்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். உன் வீடு இன்று ஒரு கோடிக்குப் போகும் என்று எழுதியிருந்தாய். அதில் பெரும்பங்கு மனையின் விலை. மனையை எந்த வெள்ளமும் கொண்டுபோகாது, அதற்கு ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. 1,000 சதுர அடிக்கு, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் 25 லட்சம். சாமானுக்கு 5 லட்சம் தானாக வந்துவிடும். உன் வீட்டுத் தேக்குச் சாமான்களுக்கு அது பத்தாது என்று பட்டால், பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள். அதே போல பேங்க் பாலிசியை லோன் பாக்கி அளவுக்கு மட்டும் போட்டிருந்தாலும் அப்படியே விடாதே, உன் கைக்காசு போட்டுக் கட்டிய பங்குக்கும் காப்பு வேண்டும்.

நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். திருட்டு விஷயத்தில் கவனம்: வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள் திருடுபோனால்தான் இதில் வரும். ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தால் வராது, அதற்குத் தனி பாலிசி. நீங்கள் இருவரும் மாதக்கணக்கில் மகள் வீட்டில் இருப்பதால் அதையும் எடுப்பது நல்லது. காருக்கு இதில் எதுவும் இல்லை, அது வண்டி இன்சூரன்ஸில் பார்க்க வேண்டியது.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமையே அறை அறையாகப் போனில் வீடியோ எடுத்து, பில்களோடு மகளுக்கு அனுப்பி வை. எங்கள் பில்கள் எல்லாம் பீரோவிலேயே ஊறிப்போயின.

பாலிசியைப் படம் பிடித்து எனக்கும் அனுப்பு, உட்கார்ந்து படித்துவிட்டுப் போன் செய்கிறேன். பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம், திண்ணையில் இடம் போட்டு வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்