முதல் வாரமே முதல் பாடம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி திறக்கும் நாள் நெருங்கினால் பை, சீருடை, நோட்டு என்றே பேச்சு ஓடுகிறது. வகுப்புக்குள் நுழையப்போகும் ஆசிரியரின் ஆயத்தம் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

முதல் பிசகு ஆண்டுத் திட்டத்திலேயே நடக்கிறது. வாரத்துக்கு 5 பாடவேளை, 40 வாரம், ஆக 200. பாடங்கள் 10, எனவே தலைக்கு 20 என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வு நாட்கள், விடைத்தாள் திருத்திக் கொடுப்பது, விழா ஒத்திகை, விளையாட்டுப் போட்டி, ஆசிரியரின் சொந்த விடுப்பு எல்லாவற்றையும் கழித்தால் 150 தேறுவதே பெரிது. அதிலும் 20 பாடவேளையை எதற்கும் ஒதுக்காமல் கையிருப்பாக வைக்க வேண்டும். மிச்சம் 130. கடினமான பாடத்துக்கு 18, எளியதற்கு 8 என்று பிரித்தால் கணக்கு நிற்கும். இல்லையேல் கடைசி இரண்டு பாடங்கள் ஓட்டமும் நடையுமாக முடியும். அடுத்த வகுப்புக்கு அடித்தளமே பெரும்பாலும் அவைதான்.

முதல் வாரத்தில் புதுப் பாடம் தொடங்காமல், போன வகுப்பில் படித்ததில் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 10 கேள்வி போதும். ஒரு கேள்விக்கு ஒரே திறன். மதிப்பெண் போடக் கூடாது, போட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். கேள்வியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 224. 376 என்று எழுதிய பிள்ளை, மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 274 என்று எழுதியதற்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்யம் வந்ததும் அதைத் தாண்டி நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டு, பத்தின் இடத்தில் 0இலிருந்து 7 போகாததால் 7 என்றே எழுதிவிட்டது. இரண்டும் தவறுதான், ஆனால் மருந்து வேறு வேறு. வெறும் 58 – 23 கேட்டிருந்தால் இருவருமே சரியாக எழுதியிருப்பார்கள், நமக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரே தவறை வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பேர் செய்திருந்தால் எல்லோருக்கும் மறுபடி நடத்தலாம். நாலைந்து பேர் மட்டும் என்றால் தனியாக உட்கார வைத்துத் தினம் 10 நிமிடம் பார்த்தால் போதும். அவர்களுக்காக மொத்த வகுப்பையும் நிறுத்தினால் மற்றவர்கள் சலித்துப்போவார்கள்.

பிள்ளைகள் வருமுன் இன்னொரு சின்ன வேலை. கரும்பலகையில் நான்கு வரி எழுதிவிட்டு, கடைசி பெஞ்சின் இரு மூலைகளிலும் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையில் ஒரு பக்கம் பளபளத்தால் அந்தப் பகுதியில் எழுதக் கூடாது.

இத்தனைக்கும் வகுப்பு ஒதுக்கீட்டுப் பட்டியல் 10 நாள் முன்பாவது ஆசிரியர் கைக்கு வர வேண்டும். திறப்பு நாள் காலையில் “உங்களுக்கு ஏழாம் வகுப்பு” என்று தலைமையாசிரியர் சொன்னால், புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர் பயிற்றுநர்