அம்புக்குறி போன வழி

அன்புள்ள மாப்பிள்ளை சேகருக்கு,

நலமா? தங்கச்சிமடத்தில் எல்லாரும் சௌக்கியம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஜூன் 14 வரை கரையில்தான், அதனால் வலை பின்னிக்கொண்டே பகலெல்லாம் டிவி. நேற்று ஆதி மனிதனைப் பற்றி ஒரு ஆவணப்படம், லீவுக்கு வந்த பேத்தியும் கூட உட்கார்ந்தாள்.

எத்தியோப்பியாவில் 1974 இல் கிடைத்த லூசி என்ற ஆதிகாலப் பெண்ணைக் காட்டினார்கள், 32 லட்சம் ஆண்டுக்கு முந்தையவள். உடம்பெல்லாம் ரோமத்தோடு, கண் கலங்கி நம்மையே பார்ப்பது போல் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள், மனசு உருகிவிட்டது. ஆனால் கிடைத்தது எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம்தானே. இடுப்பெலும்பையும் முழங்காலையும் பார்த்து இரண்டு காலில் நடந்தாள் என்று தைரியமாகச் சொல்லலாம். உதடு எப்படி, தோல் என்ன நிறம் என்று எந்த எலும்பு சொல்லும்? இரண்டையும் ஒரே கணீர் குரலில் சொல்லிப் போகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் மனிதர்கள் உலகெங்கும் பரவிய வழியைக் காட்டும் வரைபடம். ஆப்பிரிக்காவில் கிளம்பிய சிவப்பு அம்புக்குறி நம் கடற்கரையை இரண்டு நொடியில் தாண்டி ஆஸ்திரேலியாவில் போய் நின்றது. வந்தவர்களுக்கு ஆஸ்திரேலியா என்று ஒன்று இருப்பதே தெரியாது, எத்தனையோ தலைமுறை இடம் மாறி இடம் மாறிப் போன கதை அது. கரையோரமாகத்தான் வந்தார்கள் என்பதும் இன்னும் ஊகம்தான், ஏனென்றால் தடயம் இருக்க வேண்டிய பழைய கரை தண்ணீருக்குள் கிடக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதைவிட சுமார் 120 மீட்டர் கீழே, இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம், நாம் இறாலுக்கு வலை இழுக்கிற இடமெல்லாம் தரை. இலங்கையில் பாகியன் குகையில் 48,000 ஆண்டு பழைய எலும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன. இதில் ஒரு வார்த்தைகூட படத்தில் இல்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேத்தி, "அப்ப நம்ம வலைக்கு அடியில அவங்க அடுப்பு இருக்குமா தாத்தா?" என்றாள். இருந்தாலும் இருக்கும் என்றேன். போன மாசம் வலையில் ஏறி வந்த சிப்பி ஒட்டிய கல்லை எடுத்து வந்து ராத்திரி வரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நீ இந்த மாதிரிப் படம் போடும்போது நடுவில் நிறுத்தி, இது மண்ணில் கிடைத்தது, இது வரைந்தவர் கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லு. தடை முடிவதற்குள் ஒரு நடை வா, கல்லையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
ராசு